பொட்டு வைத்த மீட்டர்

எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டாக்டருக்கு முன்னால் பெரியநாயகியைப் பார்த்தாக வேண்டும். அவளிடம் பாதரசத் தெர்மாமீட்டர் ஒன்று உண்டு. அதை வாயில் வைப்பதற்கு முன் கையை ஓங்கி உதறுவாள். அடிக்க வருகிறாளோ என்று நோயாளிக்குப் பயமே வந்துவிடும். குழாயின் கழுத்து குறுகல், ஏறின பாதரசம் உதறினால்தான் இறங்கும், இல்லாவிட்டால் முந்தின ஆளின் காய்ச்சல் உன் தலையில் ஏறிவிடும் என்பாள். சூடாக டீ குடித்த வாயோடு போனால் திட்டு நிச்சயம். நானே வாங்கியிருக்கிறேன்.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு கம்பெனியில் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். நான் வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டுகிறவள். அவள் பெண்ணாடத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். அச்சில் மண் அழுத்துவதில் ஆரம்பித்து, சூளைக்குச் சரக்கு அடுக்கி, மெல்ல மெல்ல நெருப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். சூளை எரியும் நாட்களில் அவளை அங்கிருந்து கிளப்பவே முடியாது.

2006-இல் பழைய சூளைக்காரர் வேலையை விட்டுத் திட்டக்குடிக்குப் போனார். முதலாளி கோவிந்தசாமி பெரியநாயகியைக் கூப்பிட்டு, அடுத்த சூளையை அவளே எரிக்கட்டும், சரக்கு நன்றாக இறங்கினால் சூளை இனி அவள் பொறுப்பு என்றார். எங்கள் பேட்டையில் அதுவரை எந்தப் பெண் கையிலும் சூளை இருந்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவளுக்கோ அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

நடுவில் ஆயுத பூசை வந்தது. அன்றைக்கு எங்கள் கம்பெனியில் தராசு முதல் துடைப்பம் வரை சந்தனம், குங்குமம் இல்லாமல் எதுவும் தப்பாது. பெரியநாயகி சூளைச் சுவரில் இருந்த, சூடு காட்டும் மீட்டரையும் விடவில்லை. ஒயரைக் கழற்றி, கீழே இறக்கி, பளபளவென்று துடைத்து, கண்ணாடி ஓரத்தில் பெரிய பொட்டாக வைத்து, பொரிகடலை படைத்துவிட்டு மறுபடி மாட்டினாள்.

காய்ச்சல் பார்க்கும் பாதரசம் சூளைக்கு ஆகாது, கொதித்து ஆவியாகிவிடும். அதனால் இரண்டு வேறு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் சேர்த்து, பீங்கான் குழாய்க்குள் வைத்து உள்ளே விட்டிருப்பார்கள். நுனி சுட்டால் கம்பியில் துளி மின்சாரம் பிறக்கும். சூடு கூடக் கூட அதுவும் கூடும். வெளியே மீட்டரில் முள் ஏறும்.

விஜயதசமி காலையில் சூளையைப் பற்றவைத்தாள். முள் ஏறவில்லை. ஏறாதது மட்டுமில்லை, பூஜ்யத்துக்கும் கீழே போய் முட்டிக்கொண்டு நின்றது. பர்னர் பார்க்கும் தமிழ்மணி, எண்ணெய் போதவில்லை என்று வால்வில் கை வைத்தான். உள்ளே இருந்தது ஈரம் முழுக்கப் போகாத பச்சைச் சரக்கு. சூடு ஒரேயடியாக எகிறினால் அத்தனையும் வெடித்துவிடும்.

"வால்வத் தொடாத தமிழ்மணி" என்றாள் பெரியநாயகி. "நெருப்பு எரிய எரிய முள்ளு கீழ போவுது பாரு. உள்ள சூளை இருக்குதா, ஐஸ் பொட்டி இருக்குதா?"

சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் அந்தப் பொட்டில் போய் நின்றது. முகம் செத்துவிட்டது. பூசை முடிந்து மாட்டும்போது இரண்டு ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்திருந்தாள், அதனால்தான் முள் தலைகீழாக ஓடியது.

சொல்லி வைத்தாற்போல முதலாளி வந்து, என்ன கூட்டம் என்றார். மீட்டர் கெட்டுப்போய்விட்டது என்று தமிழ்மணி முந்திக்கொண்டான். அவள் தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உலகமே அப்படித்தானே பிழைக்கிறது.

"மீட்டரு மேல தப்பு இல்லீங்க முதலாளி" என்றாள். "பூசைக்கு நான்தான் கழட்டினேன். ஒயர மாத்திக் குடுத்துட்டேன்."

அவளை நன்றாகக் கிள்ளி வைக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. முதலாளி மீட்டரை ஒரு முறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவள் ஒயரைக் கழற்றிச் சரியாக மாட்டினாள். முள் சாதுவாக எழுந்து பொட்டைத் தாண்டி ஏற ஆரம்பித்தது.

அதற்கப்புறம் அவள் மீட்டரை மட்டும் நம்பவில்லை. குறிப்பிட்ட சூட்டில் வளையும் மண் கூம்புகளை அடுக்கும்போதே சரக்கோடு உள்ளே வைத்திருந்தாள். சுவரில் உள்ள துளை வழியாகக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். வேண்டிய சூட்டுக்கான நடுக்கூம்பு தலை குனிந்ததும் எண்ணெயை நிறுத்தச் சொன்னாள்.

சூளை ஆறிக் கதவு திறந்த அன்று முதலாளியே முன்னால் நின்றார். விரிசல் உண்டா என்று ஒரு கட்டையை எடுத்து இன்னொன்றின் மேல் தட்டினார். கணீரென்றது. இன்னும் உள்ளே கை விட்டு வேறொன்றை எடுத்துத் தட்டினார். அதுவும் கணீரென்றது.

"அடுத்த வருசம் ஆயுத பூசைக்கு மீட்டர நான் தொடைக்கிறேன்" என்றார். "சூளைய நீ பாத்துக்க."

பெரியநாயகி என் பக்கம் திரும்பி, "பசிக்குதுடி" என்றாள்.