மூன்றாவது விரல்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் நான் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். எங்கள் சர்ச்சின் கிறிஸ்துமஸ் நாடகத்தை எழுதுவதும் நான்தான். வருடா வருடம் பக்கம் பக்கமாக வசனம் எழுதுவேன். தேவதூதன் பேச ஆரம்பித்தால் குழந்தைகள் தூங்கிவிடும். அது என் எழுத்தின் கனம் என்றே நினைத்திருந்தேன்.

போன வருடம், மழைக்காலம் தொடங்கும் சமயத்தில், மூடிக்கிடந்த பக்கத்து ஷெட்டுக்கு சினிமா ஷூட்டிங் வந்தது. கதையில் ஒரு கம்பெனியை இழுத்து மூடுகிறார்கள். பின்னணியில் வேலை செய்யப் பெண்கள் வேண்டும் என்றார்கள். வார லீவு நாளில் எங்கள் பிரிவிலிருந்து சிலர் போனோம்.

இயக்குநர் ஒரு பெண். என்னைவிட வயதில் நன்றாகவே சின்னவர். முதல் ஷாட் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

“அக்கா, நீங்க நெஜமாவே இந்த வேலதான செய்றீங்க?”

“ஆமாம்மா, வருஷக்கணக்கா.”

“அப்புறம் ஏன் நடிக்கிறீங்க?”

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. கேமரா பார்க்கிறதே என்று ஒவ்வொரு மூடியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் அப்படிச் செய்தால் சூப்பர்வைசர் கத்துவார். அடுத்த முறை, பக்கத்தில் நின்றவளிடம் மகளின் ஸ்கூல் வேன் கதையைச் சொல்லிக்கொண்டே கையை அதன் போக்கில் விட்டேன். “இதான்க்கா” என்றார் இயக்குநர்.

மதியத்துக்கு மேல் முக்கியமான காட்சி. கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கதாநாயகி எங்கள் முன்னால் நின்று நீளமாகப் பேச வேண்டும். பேச வாயெடுத்ததும் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. இன்றைக்கு அவ்வளவுதான், கிளம்பலாம் என்று நினைத்தோம். இயக்குநர் எங்களருகே வந்து உட்கார்ந்தார்.

“வேலைக்கு நடுவுல மிஷின் நின்னுபோச்சுன்னா என்னக்கா பண்ணுவீங்க?”

“இன்னா பண்ணுவோம்? தலைல இருக்கிற குல்லாவக் கழட்டிக்கினு வாசலாண்ட போய் நிப்போம். காத்து வரும்ல” என்றேன்.

“அதையே பண்ணுங்க.”

கதாநாயகி மெஷினை நிறுத்தினார். நாங்கள் குல்லாவைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்று மழையைப் பார்த்தோம். அவரும் வந்து எங்களோடு நின்றார். காட்சி அவ்வளவுதான். ஆனால் எங்கள் கம்பெனியையே மூடிவிட்டதுபோல் இருந்தது எனக்கு.

“அந்த வசனம்?” என்று இயக்குநரைக் கேட்டேன்.

“தூக்கிட்டேன்க்கா. ஒரு மாசம் உக்காந்து எழுதினது. நல்லாத்தான் இருக்கு, ஆனா இங்க வேணாம்.” டீயைக் குடித்துவிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போய்விட்டார். முகத்தில் வருத்தமே இல்லை.

அந்த வாரமே என் நாடகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெத்லகேமில் நிறைமாத மரியாளுக்காக இடம் கேட்டு யோசேப்பு கெஞ்சும் காட்சிக்கு ஒரு பக்கம் வசனம் எழுதியிருந்தேன். எங்கள் ஊரில் ரூம் தேடிப் போகிறவர் அப்படியா பேசுகிறார்? மொத்தத்தையும் அடித்தேன். யோசேப்புக்கு ஒரே வரிதான் மிஞ்சியது: “ரூம் இருக்கா?”

ஒரே வரி என்றதும் யோசேப்பாக யார் நடிப்பது என்பது எனக்கு உடனே தெரிந்தது. ஒரிசாவிலிருந்து இரும்புக் கம்பெனிக்கு வந்தவர்கள் சிலர் எங்கள் சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்காருவார்கள். தமிழ் அரைகுறைதான், பாட்டுக்குக் கை தட்டுவார்கள். அவர்களில் வெல்டர் ஒருவரைக் கேட்டேன், சம்மதித்தார். மரியாளாக என் பிரிவிலிருந்து ஒருத்தி. எப்போதும் வசனத்தை மறக்கும் என் கணவரை, வசனமே இல்லாத வீட்டுக்காரராகப் போட்டேன்.

ஒத்திகை பார்த்த பாஸ்டர் திகைத்துப்போனார். “இன்னாம்மா, வசனத்தையே காணோம்? ஜனங்க எதக் கேக்கும்?”

“கேக்காதுங்க ஐயா, பாக்கும்” என்றேன்.

நாடகத்தன்று யோசேப்பு ஒரு பெட்ஷீட் மூட்டையும் பிளாஸ்டிக் வாளியுமாக வந்து நின்றார். “ரூம் இருக்கா?” வீட்டுக்காரர் ஏற இறங்கப் பார்த்துக் கதவைச் சாத்த வேண்டும். ஆனால் என் கணவர், நான் எழுதாத ஒன்றைக் கேட்டார்.

“எத்தினி பேரு?”

யோசேப்பு இரண்டு விரலைக் காட்டினார். மரியாளின் வயிற்றைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக மூன்றாவது விரலையும் தூக்கினார்.

கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். என் கணவருக்குக் கதவைச் சாத்தக் கை வரவில்லை. “சாத்துய்யா!” என்று நான் ஓரத்திலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன பிறகுதான் சாத்தினார். முன்வரிசையில், ரூம்களை வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. நாடகம் சரியாக வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

முடிந்ததும் வெல்டர் தயங்கிக்கொண்டே வந்தார். “அக்கா, மூணு காட்டினது தப்பா? நீங்க சொல்லல.”

“தப்பில்லப்பா. அத நான் எழுதியிருக்கணும்.”

இப்போது ஈஸ்டர் நாடகத்துக்காக ஞாயிறு மதியங்களில் கூடுகிறோம். நான் பேனாவைத் தொடுவதற்கு முன்பு எல்லோரையும் காட்சியைச் செய்துகாட்டச் சொல்கிறேன். பாதி வசனம் அங்கேயே உதிர்ந்துவிடுகிறது. மீதியைத்தான் எழுதுகிறேன்.