டீசல் தட்டுப்பாட்டில் பேத்தியின் ஸ்டேஷனுக்குப் போய் வந்தது

மூத்த பேரன் நோர்வூட்டில் கணக்கு வாத்தியார். போன வருடம் அவனிடம் படித்த பதினாறு பிள்ளைகள் கணக்கில் ஏ எடுத்தார்கள். அடுத்தவள் நர்ஸ், ஊசி போட்டால் வலிக்காது என்று பெயர் வாங்கியவள். மூன்றாமவன் தினேஷ் கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை. நான் கொப்பியில் எழுதி அனுப்புவதை இந்த இணையப் பக்கத்தில் ஏற்றுவது அவன்தான். கடைசி ஆள் சுகந்தினி ரயில்வே பரீட்சை எழுதி ஸ்டேஷன் மாஸ்டர் ஆகிவிட்டாள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாரும் அதுவரை டிக்கட் வாங்கத் தவிர ஸ்டேஷனுக்குள் போனதில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடை தூக்கியவள். பெருமையடிக்கிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், அடிக்கிறேன்.

கடல் தாண்டி எங்கேயோ சண்டை தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. எண்ணெய்க் கப்பல் ஒழுங்காக வராததால் இங்கே பாதி பஸ் ஓடவில்லை. சனம் முழுக்க ரயிலில் ஏறுகிறது, ரயிலுக்கும் டீசல் அளந்துதான். ஆள் குறைவென்று சுகந்தினிக்கு லீவு கிடைக்கவில்லை. அறுபத்தெட்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதுவரை அவள் கையால் ஒரு பிழையும் நடக்கக்கூடாதாம். அவள் வர முடியாவிட்டால் நான் போகலாமே என்று போன மாதம் ஒரு புதன்கிழமை கிளம்பினேன்.

காலை 6.15க்கு நோர்வூட்டில் பஸ். ஹட்டனுக்குக் கிட்டத்தட்ட பதினான்கு கிலோமீட்டர், நூறு ரூபாய். 9.20 வண்டி 9.55க்கு வந்தது. மூன்றாம் வகுப்பு எண்பது ரூபாய். உட்கார இடம் கிடைக்காது, கம்பியைப் பிடித்து நிற்கத் தயாராகப் போங்கள். ஹட்டனைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வரும். எப்போதும் பிள்ளைகள் அங்கே கூச்சல் போடுவார்கள். அன்றைக்கு இருந்த நெருக்கத்தில் கூச்சல் போட யாருக்கும் மூச்சில்லை.

பக்கத்தில் நின்ற ஒரு தம்பி கேட்டார், "ஆச்சி, திரும்பி எந்தக் கோச்சியில போறீங்க?"

"பன்னெண்டு இருபது கோச்சி."

"அத விட்டுறாதீங்க. விட்டா ராவைக்கு ஸ்டேஷன் வாங்குலதான் படுக்கணும்."

"படுத்தா என்ன? என் பேத்தி ஸ்டேஷன்தானே" என்றேன். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

தலவாக்கலை தாண்டி அவள் ஸ்டேஷனில் இறங்கும்போது மணி 10.50. ஸ்டேஷன் பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டாள், போடவில்லை. தேயிலைச் சரிவில் வெட்டி வைத்த சின்ன ஸ்டேஷன். வெள்ளை உடுப்பில், கையில் பச்சைக் கொடியோடு நின்றவளை முதலில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. மெலிந்து போயிருந்தாள்.

"அம்மாயி! சொல்லாம கொள்ளாமவா வருவீங்க?"

"சொன்னா வேணாம்ப. ரொட்டியும் கட்டச்சம்பலும் கொண்டாந்திருக்கேன்."

"இப்ப வேணாம். பன்னெண்டு மணிக்கு எண்ணெய் வண்டி வருது. அத அனுப்பிட்டு ஒண்ணா சாப்பிடுவோம்."

அங்கே வேலை நடக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். மலையில் ஒற்றைத் தண்டவாளம், ஸ்டேஷனுக்குள் மட்டும் இரண்டு. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒரே ஒரு வண்டிதான் போகலாம். அதற்கு அனுமதி ஒரு பித்தளை வில்லை. பெரிய வளையத்தில் தோல்பை தொங்கும், அதற்குள் வில்லை இருக்கும். வருகிற வண்டி தன் வளையத்தை இறக்க வேண்டும், அடுத்த ஸ்டேஷன் வரைக்குமான வளையத்தை வாங்க வேண்டும். இறக்கிய வில்லையை மெசினில் போட்டால்தான் எதிரே காத்திருக்கும் வண்டிக்கு வழி. இப்போது எண்ணெய் வண்டியை நிறுத்துவதில்லை. மேட்டில் நின்று கிளம்பினால் டீசல் கூடுதலாகக் குடிக்குமாம். மெதுவாக ஓடிக்கொண்டே கொடுக்கல் வாங்கல்.

இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியும். பிளாட்பாரக் கோடியில் வளைந்த கை நீட்டிய ஓர் இரும்புக் கம்பம் கண்ணில் பட்டது. மலையில் கொழுந்து எடுக்கிற நாங்கள் சாப்பாட்டுப் பையைத் தரையில் வைக்க மாட்டோம். எறும்பு, அட்டை ஏறும். ஏதாவது ஒரு மரக்கிளையில் மாட்டிவிட்டுத்தான் தேயிலை நிரைக்குள் இறங்குவோம். முப்பத்திரண்டு வருடப் பழக்கம். பையைக் கம்பத்தில் மாட்டிவிட்டு நிம்மதியாக வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன்.

நான் போக வேண்டிய வண்டி நானுஓயாப் பக்கமிருந்து வந்து அந்தப் பக்கத் தண்டவாளத்தில் நின்றது. எண்ணெய் வண்டி கூவிக்கொண்டு வந்தது. சுகந்தினி மறு கோடியில் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நின்றாள்.

"ஆச்சி, எபா! எபா!" என்று போர்ட்டர் குணதாச கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். வேண்டாம் என்கிறார், எது வேண்டாம் என்று புரிவதற்குள் எஞ்சினிலிருந்து வளையம் வந்து என் பையில் மோதியது. பை விழுந்தது. வளையம் சக்கரம் மாதிரி பிளாட்பாரத்தில் உருண்டு, வேலி இடுக்கால் தேயிலைக்குள் இறங்கிவிட்டது. அந்தக் கம்பம், ஓடும் எஞ்சினிலிருந்து வளையத்தை மாட்டுவதற்கென்றே நட்டது.

எண்ணெய் வண்டி போய்விட்டது. எதிரே வண்டி நிறையச் சனம். வில்லை கிடைக்காமல் அது ஓரடி நகராது. ஸ்டேஷனில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. என் கையால் என் பேத்தி வேலைக்கு உலை வைத்துவிட்டேனே என்று விழுந்தடித்து வேலிக்குப் போனேன். வண்டியிலிருந்து இளைஞர்கள் இறங்கி வந்து செடிகளை விலக்கித் தேடினார்கள். சுகந்தினியும் சரிவில் இறங்கினாள்.

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "செடிக்குள்ள தேடாதீங்கடா! உருண்டது எங்க போயி நிக்கும்? கானைப் பாரு, பாப்பா! கானைப் பாரு!"

மழைத் தண்ணீர் ஓட நிரைகளுக்குக் குறுக்கே வெட்டுகிற வாய்க்கால்தான் கான். அவளும் தோட்டத்துப் பிள்ளை, உடனே பிடித்துக்கொண்டாள். கீழே கானுக்குள் குதித்தாள். குனிந்தாள். எழும்பும்போது கையில் வளையம்.

வில்லையை மெசினில் போட்டு, பேச வேண்டியதைப் போனில் பேசி, வண்டிக்கான வளையத்தோடு வெளியே வந்தாள். "பதினோரு நிமிசம்" என்றாள். வண்டி பிந்தியது அவ்வளவு நேரம்.

"நான்தான் செஞ்சேன்னு எழுது தாயி. படிக்காத கெழவின்னு எழுது."

"பிளாட்பாரத்துல என்ன தொங்குதுன்னு பாக்க வேண்டியது நான். அப்படித்தான் எழுதுவேன். வாங்க, ஏத்தி விடுறேன்."

வளையத்தைத் தோளில் போட்டு, என் கையைப் பிடித்துத் தண்டவாளம் தாண்ட வைத்தாள். மிளகாய்ச் சம்பல் கொட்டிப்போனது, ரொட்டி தப்பியது. ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பாதியை வாயில் போட்டுக்கொண்டு மீதியை என் கையில் வைத்தாள். அறுபத்தெட்டு நாளுக்குப் பிறகு நாங்கள் ஒன்றாகச் சாப்பிட்டது அதுதான். மற்றதெல்லாம் குணதாசவுக்கு. "ரொட்டி ஹொந்தய், ஆச்சி" என்று நல்லாயிருப்பதாகச் சொல்லி வழியனுப்பினார்.

அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. நேற்றுத்தான் மேலிடத்துப் பதில் வந்ததாம். விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்களாம். உண்மையை மறைக்காமல் எழுதியதற்கு ஒரு வரி பாராட்டும் இருந்ததாம். வேலைக்குப் பாதிப்பு ஒன்றும் இல்லை.

போகிறவர்களுக்கு: பழைய நேர அட்டவணையை நம்பாதீர்கள், கிளம்புமுன் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிக் கேளுங்கள். தண்ணீர் கொண்டு போங்கள். வண்டி பிந்தினால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் எரிந்து விழாதீர்கள். அந்தப் பிள்ளை சாப்பிட்டிருக்காது. ஸ்டேஷனில் எந்தக் கம்பத்திலும் எதையும் மாட்டாதீர்கள்.

தினேஷ், இந்தப் பக்கத்தில் நீ போட்டிருக்கிறது தங்கச்சி ஸ்கூல் உடுப்பில் நிற்கிற படம். அதை எடுத்துவிடு. அன்றைக்கு வண்டியிலிருந்த டீச்சர் ஒருவர் ஜன்னலால் எடுத்து அனுப்பிய படம் உனக்கு வந்திருக்கும். தோளில் வளையம், முழங்கால் வரை சேறு, ஒரு கையில் நான். அதைப் போடு. சேற்றை அழித்துவிடாதே, தெரியட்டும்.