அரைப்பேர்

ஜப்பானில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வந்தவள் என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால் எனக்குக் காது சூடாகிவிடும். அங்கே என்ன பார்த்தாய், என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார்கள். வாயில் வந்ததைச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். எனக்கு மறக்காமல் இருப்பது விண்ணப்பப் படிவத்தில் இருந்த ஒரு சின்னக் கட்டம்தான். பாதுகாவலரின் தொழில் என்ன என்று அது கேட்டது.

அப்பா இறந்துபோனதால் என் பாதுகாவலர் அம்மா. இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அதை எழுத அரை நிமிடம் போதும். ஆனால் நான் பல்கலைக்கழகத்தில் முதல் வருடமே ஒரு புளுகை அவிழ்த்து விட்டிருந்தேன். அம்மா என்ன செய்கிறார்கள் என்று அறைத்தோழி கேட்டபோது, "தோட்டத்துல உத்தியோகம்" என்று சொல்லிவிட்டேன். அவளும் சரி என்று தலையாட்டிவிட்டு அதை மறந்தே போயிருப்பாள். எனக்குத்தான் அதன் பிறகு அதைக் காப்பாற்றுவது ஒரு வேலையாகிவிட்டது.

படிவத்தை நிரப்பியபோது அவள் என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்து பறிப்பவர் என்று அடிக்க எனக்கு விரல் வரவில்லை. வெளிக்கள உத்தியோகத்தர் என்று ஆங்கிலத்தில் அடித்தேன். அம்மா வெளியில்தானே நிற்கிறாள், மலையும் களம்தானே என்று எனக்கு நானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன். அடுத்த கேள்வி, குறைந்த வருமானக் குடும்பமா என்பது. ஆம் என்றால் விமானச் சீட்டும் விடுதிச் செலவும் அவர்கள் பொறுப்பு. உத்தியோகத்தரின் மகள் எப்படி ஆம் என்று போடுவாள்? இல்லை என்று போட்டேன்.

படிவத்தை அச்செடுத்துக்கொண்டு, கையெழுத்து வாங்க லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் வீட்டுக்கு, போனேன். அம்மா மலையிலிருந்து வந்து கை கழுவிவிட்டு, ஈரத்தைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். தாள் அழுக்காகிவிடக் கூடாதாம்.

"என் வேலைய என்னான்னு போட்டிருக்க?"

"தோட்டத்துல வேலைன்னு."

"அது போதும்" என்று சொல்லி, தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

எங்கள் தோட்டங்களில் பேர் என்றால் ஒருநாள் வேலை. சொன்ன கிலோவைப் பறித்துக் கொடுத்தால் கணக்கில் முழுப்பேர் விழும். குறைந்தால் அரைப்பேர், சம்பளமும் பாதி. நான் பள்ளியில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த வருடம், ஒரு மழைநாளில் அம்மாவுக்குத் தேத்தண்ணீர் கொண்டு மலைக்குப் போயிருந்தேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கண்டாக்கையா, அதாவது வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர், கொழுந்து ஈரம் என்று கூடுதலாகக் கழித்துவிட்டு அம்மாவுக்கு அரைப்பேர் போட்டார். அம்மா நகரவில்லை. அடுத்தவள் சாக்கைத் தராசில் மாட்ட விடாமல் குறுக்கே நின்றாள்.

"தண்ணிக்கு எத்தன கிலோதாங்க கழிப்பீங்க? நாள் முச்சூடும் நனைஞ்சுகிட்டு நின்னது நான்தாங்க. எனக்கு அரைப்பேரு வேணாங்க ஐயா."

பின்னால் நின்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். கண்டாக்கையா கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, திருத்தி எழுதினார். அவர் எழுதி முடித்த பிறகுதான் அம்மா தராசை விட்டு விலகினாள். நான் தேத்தண்ணீர்ப் போத்தலோடு தேயிலைச் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். அன்றைக்கே எனக்கு அந்தப் புத்தி இருந்திருக்கிறது.

ஜப்பானுக்குத் தெரிவாகிவிட்டேன். படிப்புக்குப் பணம் வேண்டாம், விமானச் சீட்டு, விடுதி எல்லாம் என் குடும்பத்தின் செலவு என்று கடிதம் வந்தது. அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது பின்னாலிருந்த மாட்டுக் கொட்டில் காலியாகக் கிடந்தது. அம்மா வேலை விட்டு வந்து, புல் அறுத்துப் போட்டு, பால் விற்று, என்னைப் பள்ளிக்கு அனுப்பிய மாடு அது.

"மாடு எங்கம்மா?"

"எனக்கு இப்பல்லாம் புல்லுக்கட்டு தூக்க முடியல புள்ள. வித்துட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு லயத்துத் தண்ணீர்க் குழாய்க்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போனாள். தூக்க முடியாதவள் நடக்கிற நடையா அது?

விசாவுக்கு அம்மாவின் வேலைக் கடிதம் வேண்டும் என்றார்கள். தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர் ஐயா, தொழிலாளி என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். அனுப்பிய இரண்டாம் நாளே பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. படிவத்தில் ஒன்று, கடிதத்தில் ஒன்று இருக்கிறது, பாதுகாவலரோடு நேரில் வா என்றார்கள். அம்மாவிடம், "ஏதோ கையெழுத்துப் பிழையாம்" என்று மட்டும் சொன்னேன். அவள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, ஹட்டனிலிருந்து கண்டி பஸ்ஸில் என்னோடு வந்தாள்.

அலுவலகத்தில் இருந்த மிஸ் சிங்களத்தில்தான் பேசினார். பால் கொடுக்கிற இடத்தில் பழகிய சிங்களம் அம்மாவுக்கு என்னைவிட நன்றாக வரும். மிஸ் இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இதில் உத்தியோகத்தர். இதில் தொழிலாளி. எது உண்மை?"

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். ஒரே தடவைதான்.

"தொழிலாளிதான் மிஸ். உத்தியோகம்னு நான்தான் போடச் சொன்னேன். புள்ள மேல தப்பு இல்ல."

இல்லை, நான்தான் என்று சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் இருந்தது. மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்கிற வரைக்கும் இருந்தது. நான் வாயே திறக்கவில்லை. மிஸ் நல்லவர். அம்மாவுக்குப் பொறுமையாகப் புத்தி சொன்னார்.

"செய்கிற வேலையைச் சொல்ல வெட்கப்படலாமா அம்மே? படிக்கிற பிள்ளைக்கு நீங்களே பொய் பழக்கலாமா?"

"தப்புதான் மிஸ்" என்று அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தராசுக்கு முன்னால் நிமிர்ந்து நின்ற என் அம்மா.

திருத்தத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு மிஸ் இன்னொன்றும் சொன்னார். முதலிலேயே சரியாகப் போட்டிருந்தால் விமானச் சீட்டும் விடுதியும் இலவசமாகக் கிடைத்திருக்கும், இனி முடியாது, பட்டியல் போய்விட்டது. அம்மா அதற்கும் தலையாட்டினாள். மாட்டைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நினைத்தேன். கினிகத்தேனை தாண்டிக் குளிர் ஏறத் தொடங்கியபோது, அவளே பேசினாள். குரலில் கோபம் இல்லை.

"கண்டாக்கையா அரைப்பேரு போட்டா தராசுகிட்ட நின்னு சண்ட புடிப்பேன். நீ போட்டதுக்கு நான் எங்க போய் நிக்கிறது?"