செல்லையா காலுக்கு அளவெடுத்த ஜீப்

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா? டூரிஸ்ட்டுகளை மலை உச்சிக்கு ஏற்றிக்கொண்டு போய் சூரியன் காட்டுகிற பிழைப்பு நன்றாகத்தானே ஓடுகிறது. மழை வந்து சவாரி நின்றதும் ஜீப் ஸ்டாண்டில் சும்மா உட்கார்ந்தால் புத்தி எங்கெங்கோ போகிறது. உங்கள் பழைய ஜீப், இஞ்சின் மாற்றியது, பாடி நீட்டியது, விற்கலாமா வேண்டாமா என்று கேட்க உங்களுக்கு நானா கிடைத்தேன்? நான் இரண்டாம் வகுப்பு தாண்டாதவள். ஸ்டீயரிங்கை ஒருநாளும் பிடித்ததில்லை. ஜீப்புக்குள் நான் பிடித்ததெல்லாம் பின்பக்கக் கம்பியும், வாந்தி எடுக்கிறவர்கள் தலையும்தான்.

"உங்க ஜீப்பை எப்படித்தான் முடிவு பண்ணி வித்தீங்க பாட்டி" என்று தோண்டுகிறீர்கள். அடுத்தவன் வீட்டு எழவைக் கேட்க அவ்வளவு ஆசை. சரி, கேட்டுத் தொலையுங்கள். நடுவில் எவனாவது உச்சுக்கொட்டினால் எழுந்து போய்விடுவேன்.

அளவெடுத்தது

எங்கள் வீட்டுக்காரர் செல்லையா, பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப்பை ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து வாங்கினார். ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கிற லெஃப்ட் ஹேண்ட் வண்டி. அப்போது சூரியநெல்லிக்கு மேலே எஸ்டேட் டிவிஷன்களுக்குப் போகிற பாதை, பாதை என்று நாமாகச் சொல்லிக்கொண்டதுதான். தண்ணீர் ஓடாத நாளில் ஜீப் ஓடும்.

அவருக்குச் சின்ன வயதுக் காய்ச்சலில் இடது கால் சூம்பிப் போயிருந்தது. வலது காலைவிடக் குட்டை. கிளட்சுக்கு எட்டாது. வேறு ஆளாக இருந்தால் டிரைவர் ஆசையை விட்டிருப்பான். இவர் ஜீப்பைத் தன் காலுக்கு இறக்கினார். கிளட்ச் மிதியில் இரும்பு வைத்து நீட்டி, அதன்மேல் பலாக்கட்டையைச் செதுக்கிப் போல்ட் போட்டார். சீட்டைப் பெயர்த்து முன்னால் தள்ளி, இடது பக்கம் மட்டும் தாழ்த்தினார். கியர் தடியை வளைத்தார். பெட்ரோல் விலை ஏறினதும் பழைய இஞ்சினைத் தூக்கிவிட்டு எங்கிருந்தோ டீசல் இஞ்சின் கொண்டுவந்து உட்காரவைத்தார். பின்பக்கம் சேஸை வெட்டி நீட்டி எதிரெதிராகப் பலகை போட்டார். அந்த வேலையில் ஹேண்ட்பிரேக் போயே போய்விட்டது. அதற்குப் பதிலாகத்தான் நான்.

ஆமாம், நான்தான் ஹேண்ட்பிரேக். மடியில் முக்கோணக் கட்டையை வைத்துக்கொண்டு பின்பலகை ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். ஏற்றத்தில் வண்டி நின்றால் குதித்து டயருக்குக் கீழே சொருகுவேன். கிளம்பினதும் எடுத்துக்கொண்டு ஓடிவந்து தொற்றிக்கொள்வேன். சேலையை வரிந்துகட்டிக்கொண்டு நான் குதிப்பதைப் பார்த்து ஒரு கங்காணி, "செல்லையா, பெண்டாட்டிக்குச் சோறு போடுதியா டீசல் ஊத்துதியா?" என்று கேட்டார். சோறுதான் அண்ணாச்சி, ஆனால் ஓட்டை டேங்க், எவ்வளவு போட்டாலும் நிற்கமாட்டேன் என்கிறது என்றேன்.

அந்த ஜீப்பில் அரிசி மூட்டை ஏறியது. சீமந்தத்துக்குப் போகிறவள் ஏறினாள், வலி கண்டவளும் ஏறினாள். எங்கள் பலகையில் பிறந்ததுகளும் உண்டு. பிணம் ஏற்றினால் மறுநாள் மஞ்சள் தண்ணீர் தெளித்து எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் அடுத்த சவாரி.

அவரைத் தவிர ஒரு ஆளால் அந்த வண்டியை நகர்த்த முடியாது. அதில் அவருக்குப் பெரிய பெருமை. எனக்கும்தான். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுத் தூங்குவோம். "திருடன் வந்தாலும் என் காலைக் கடன் வாங்கிட்டுத்தான் போவணும்" என்பார். சிரிப்போம்.

வாதம்

எமர்ஜென்சி வந்த வருஷத்து மழை. காலையில் பானெட்டைத் திறந்து ஆயில் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சக்கரத்தோரம் உட்கார்ந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. இடது கையைத் தூக்கிப் பார்த்தேன், ஈரத்துணி மாதிரி விழுந்தது.

ஜீப் அங்கேயே நிற்கிறது. டேங்கில் டீசல் இருக்கிறது. சாவி தொங்குகிறது. அந்தப் பக்கத்தில் யாருக்கு என்ன வந்தாலும் ஓடிவந்து எழுப்புகிற வண்டி அது. ஓட்டுகிற ஆள் கீழே கிடக்கிறார்.

எஸ்டேட் லாரி தேயிலை ஏற்றிக்கொண்டு மூணாறு போயிருந்தது. லாரியின் மாற்று டிரைவர் தங்கராசு லைன் வீட்டில் இருந்தான். நல்ல வேலைக்காரன். ஓடிவந்து ஏறி உட்கார்ந்தான். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. பலாக்கட்டையை மிதித்தால் கிளட்ச் பாதியில் பிடித்தது, வண்டி எகிறி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தான். மறுபடி எகிறியது. மூன்றாவது தடவை பின்னால் உருளத் தொடங்கிவிட்டது. உள்ளே பலகையில் இவரைப் படுக்கவைத்திருந்தோம். நான் குதித்து முக்கோணக் கட்டையைப் போட்டேன். தங்கராசு இறங்கி வந்து அழுதுவிட்டான். "மதினி, நான் எந்த வண்டியும் ஓட்டுவேன். இது வண்டியில்ல மதினி, அண்ணனோட செருப்பு."

கம்பளியை மூங்கிலில் கட்டித் தொட்டிலாக்கி, ஆள் மாற்றி ஆள் தோளில் தூக்கிக்கொண்டு சின்னக்கானல் வரை நடந்தார்கள். அங்கே பஸ்ஸை நிறுத்தி ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டு மலையாளத்தில், கொஞ்சம் நேரத்தோடே கொண்டுவந்திருந்தால் என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அதைச் சாதாரணமாக வாங்கிக்கொள்ள முடியவில்லை.

வாய் சரியானதும் இவர் பேசின முதல் பேச்சு, "வாதத்துக்குப் புத்தி கெட்டுப் போச்சு. ஏற்கெனவே செத்த காலுப் பக்கமாப் பார்த்து வந்திருக்கு." டாக்டர்கூடச் சிரித்தார். லெஃப்ட் ஹேண்ட் வண்டியில் கியர் போடும்போது ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறது இடது கை. கிளட்சை மிதிக்கிறது இடது கால். எனக்கு அது அப்போதே ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

முடிச்சு

நான் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனேன். டெம்பரவரி ஆள். வீட்டு வாடகைக்கே அது சரியாக இருந்தது.

மறையூரில் ஒரு வைத்தியர், எண்ணெய்க் கட்டு போட்டுத் தொடர்ந்து நீவிவிட்டால் கை கால் திரும்பும் என்றார். திரும்பலாம் என்றாரா, திரும்பும் என்றாரா, எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. நான் காதில் வாங்கியது திரும்பும் என்றுதான். அந்த எண்ணெய்க்கும் அங்கே தங்குவதற்கும் பணம் வேண்டும். வீட்டில் விற்கிற மாதிரி இருந்தது ஜீப் ஒன்றுதான்.

மெக்கானிக் வந்து பார்த்தார். பலாக்கட்டையை வெட்டி எறிந்து, சீட்டைப் பழையபடி வைத்து, கியர் தடியை நிமிர்த்தினால் வேறு டிரைவர் போட்டு ஓட்டலாம் என்றார். நல்ல யோசனை. இவர் கட்டிலில் இருந்தபடியே, "அதை வெட்டிட்டா, எனக்குக் கால் வந்தப்புறம் நான் எதை ஓட்டுவேன்?" என்று கேட்டார். மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் காலி எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தேன்.

புரிகிறதா உங்களுக்கு? ஜீப்பை விற்றால்தான் காலுக்கு எண்ணெய். கால் வருவதே ஜீப் ஓட்டத்தான். விற்றேன் என்று சொன்னால், உனக்கு இனி கால் வராது என்று நானே சொன்ன மாதிரி. விற்காவிட்டால், வராமல் இருக்கிறதுக்கு நானே காரணம். கொழுந்து கிள்ளும்போதெல்லாம் ஒரு இலைக்கு விற்கலாம், அடுத்த இலைக்கு வேண்டாம் என்று ஓடும். கங்காணி என் கூடையைப் பார்த்து, முற்றின இலையாகப் பறிக்கிறாய் என்று திட்டுவார்.

வாங்க வந்தவர்களும் உட்கார்ந்து பார்த்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டு போனார்கள். ஒருத்தர், கோழி அடைக்க ஆகும் என்றார். அவருக்கு டீ கொடுக்கவில்லை.

அப்போதுதான் பழனிசாமி வந்தார். கீழே நல்லேப்பிள்ளி ஊர்க்காரர். அங்கிருந்து அரிசி கொண்டுவந்து எஸ்டேட் கடைகளுக்குப் போடுவார். சொந்தமாக நெல் வயலும் உண்டு. அவர் மூட்டைகளை இவர்தான் மேலே ஏற்றித் தருவார். கட்டிலோரம் உட்கார்ந்து இவர் கையைப் பிடித்து வெகுநேரம் பேசினார். வெளியே வந்ததும் ஜீப்பைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"ஏனுங்கம்மிணி, வண்டியெ வெச்சு நானென்ன பண்றதுங்க? அவரு காலு இருந்தாத்தான அது நகரும். இஞ்சினெ மட்டும் குடுங்க. கெணத்து மேட்டுல வெச்சு வயலுக்குத் தண்ணி எறைச்சுக்கறேன்."

"இஞ்சினைக் கழத்திட்டா அது வண்டியாண்ணே?"

அவர் டயரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார், "இப்ப மட்டும் வண்டிங்களா?"

கெட்ட மனுஷர் இல்லை. அதனால்தான் அது அப்படித் தைத்தது.

கழற்றியது

இஞ்சின் பேச்சை எடுக்காமலே இவரை மறையூர் வைத்தியர் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். தங்கராசுவும் பழனிசாமியின் ஆட்களும் மூன்று கம்பால் முக்காலி கட்டிச் சங்கிலியில் இஞ்சினைத் தூக்கினார்கள். அரிசி இறக்கின லாரியிலேயே ஏற்றினார்கள். நான் பானெட்டை மூடி, கொக்கியை மாட்டி, கண்ணாடியைத் துடைத்துவைத்தேன். கட்டிலிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஜீப் ஜீப்பாகத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் என் கணக்கு. கால் வந்துவிட்டால் இஞ்சின் வாங்கிக்கொள்ளலாம். வராவிட்டால், ஜன்னல் வழியாகப் பார்க்க ஒன்று இருக்கும்.

எண்ணெய்க் கட்டு முடிந்து கூட்டிவந்தோம். தங்கராசுவும் நானும் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டோம். வளைவு திரும்பினதும் இவர் நின்றார். ஜீப்பைப் பார்த்தார். நன்றாகத் துடைத்திருக்கிறாய் என்றார். உள்ளே போய்விட்டோம். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து மழை விட்ட சாயங்காலங்களில் சீட்டில் தூக்கி உட்காரவைக்கச் சொல்வார். வலது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்வார். இடது கையை நான் எடுத்து மடியில் வைப்பேன். பானெட்டைத் திறக்கச் சொல்லிவிடுவாரோ, சாவியைத் திருகிவிடுவாரோ என்று அவர் வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாளும் சொல்லவில்லை. நானும் வீட்டில் தினமும் எண்ணெய் தேய்த்தேன். பணம் தீருகிற வரைக்கும் தேய்த்தேன். கால் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருந்தது. ஒரு விரல் அசையவில்லை.

ஒரு சாயங்காலம் அவரைச் சீட்டில் உட்காரவைத்து, மிச்ச எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு கீழே குனிந்தேன். காலை இழுத்துக்கொள்ள முடியாது அவரால். வலது கையால் என் தலையைத் தொட்டார்.

"போதும் பேச்சி."

இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றேன்.

"முன்பக்க ஸ்பிரிங் பட்டை எழும்பி நிக்குது. இஞ்சின் கனம் இருந்தா ஜீப்பு இப்படி மூக்கைத் தூக்காது. வந்த அன்னிக்கே வளைவுல இருந்து பார்த்தேன்."

நான் நிமிரவில்லை.

"நீ எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு இருந்தியா, அதான் ஒண்ணும் கேக்கல. தேய்க்கிறவளாவது நம்பட்டும்னு இருந்தேன்."

கையில் இருந்த எண்ணெயை நான் சேலையில் துடைத்தேன். அவர், வண்டியில் மிச்சம் இருக்கிறதையும் கொடுத்துவிடு, கோழி அடைக்கிறவனுக்கானாலும் பரவாயில்லை என்றார். கோழிக்காரர் அதற்குள் வேறு வாங்கிவிட்டார். இரும்புக் கடையிலிருந்து ஆள் வந்து வெட்டி எடுத்துப்போனான். ஜன்னலுக்கு வெளியே மலை மட்டும்தான். இவர் கட்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். கடைசிவரை அப்படித்தான் கிடந்தது.

விற்கலாமா வேண்டாமா என்றுதானே கேட்டீர்கள்? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வண்டியை உன் உடம்புக்கு மட்டும் தைத்துக்கொள்ளாதே. அடுத்தவன் காலும் எட்டுகிற மாதிரி வை. அந்த அடுத்தவன் என்றைக்காவது ஒருநாள் உன்னையே ஏற்றிக்கொண்டு போகவேண்டி வரும். அப்படி வைத்தவனுக்கு, விற்றாலும் விற்காவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. எங்களுக்கு இரண்டிலும் நஷ்டம். இரண்டையும் செய்தோம்.

ஜீப் நின்ற இடத்தில் புல் கருகிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு லைன்காரிகள் ஒவ்வொருத்தியாக வந்து கேட்டார்கள். வித்துட்டியா பேச்சியக்கா, யாருக்கு, எவ்வளவுக்கு. நான் கூடையை இடுப்பில் மாட்டிக்கொண்டே எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன்.

"விக்கல்லாம் இல்லடி. கீழ சவாரி போயிருக்கு. இடமில்லைன்னு எங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கல."