பல் முளைக்காத பிள்ளைகள்

மகள் இங்கிலாந்திலிருந்து கனடாவுக்கு வந்து இறங்கிய அன்று ஸ்காபரோ வீட்டின் முன்கதவால் அவளை நான் உள்ளே விடவில்லை. கராஜ் வழியாக நேரே பேஸ்மென்ற் குளியலறைக்குப் போகச் சொன்னேன். செத்தவீட்டுக்குப் போய் வந்தால் எங்கள் வீட்டில் அப்படித்தான். தலைமுழுகாமல் சாமியறைப் பக்கம் வரக்கூடாது. அவள் கோடை முழுவதும் அகழாய்வில் ரோமர் காலத்து ஊர் ஒன்றைத் தோண்டிவிட்டு வந்திருந்தாள்.

"அம்மா, சீரியஸ்லி? ரெண்டாயிரம் வருசத்துக்குப் பிறகும் துடக்கோ?"

"எலும்பு எலும்புதான். போய்த் தோய்ஞ்சிட்டு வா."

"அப்ப மியூசியத்தில வேலை செய்யிற ஆக்கள் ஒருத்தரும் வீட்டை போகேலாது."

சிரித்துக்கொண்டுதான் போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அங்கே இருந்த காலம் முழுவதும், குழிச் சுவர் இடிந்து விழும், கரையில் நில் என்று போனில் சொல்லிச் சொல்லியே களைத்திருந்தேன். ஷெல்லடிக்குப் பயந்து பங்கருக்குள் இருந்து எழும்பியவர்களுக்குக் குழி என்றாலே அப்படி.

பின்னேரம் புட்டைச் சாப்பிட்டபடி போனில் படங்களைக் காட்டினாள். வீட்டு அத்திவாரங்கள், உடைந்த தட்டு, அடுப்புச் சாம்பல். ஒரு கூரை ஓட்டில் நாயின் கால் அடையாளம்.

"காய முதல் நாய் மிதிச்சிட்டுது. ஆரோ அதுக்கு நல்லா ஏசியிருப்பினம்."

அடுத்த படத்தில் ஓர் அறையின் மூலை. வளைந்த கூரை ஓடு ஒன்றைத் தூக்கி வைத்திருந்தார்கள். அதன் கீழே மண்ணிறத்தில் மெல்லிய குச்சிகள். கோழி எலும்பு என்று நினைத்தேன்.

"பேபி," என்றாள் மகள்.

"வீட்டுக்குள்ளயோ?"

"ஓம். செத்த பெரிய ஆக்களை எரிக்க ஊருக்கு வெளியில கொண்டு போயிடுவினம். பல்லு முளைக்காத பிள்ளையளை எரிக்கிறேல்லை. சுவரோரமா, நிலத்துக்குக் கீழ வைச்சிருக்கினம். ஓட்டால மூடி."

"தாய் அதுக்கு மேலதான் நடந்து திரிஞ்சவவோ?"

"ஓம். அதுக்குப் பக்கத்திலதான் சமைச்சிருப்பா."

நாங்களும் பிள்ளைகளை எரிப்பதில்லை. இவளுக்கு முன் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். வன்னியில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது காய்ச்சலில் போய்விட்டான். பல் வந்திருக்கவில்லை. புதைக்கிற இடத்துக்கு எங்கள் பெண்கள் போவதில்லை. என் கணவரும் இன்னொரு மனிதரும் தூக்கிப் போனார்கள். பால் கட்டிய மார்போடு நான் வகுப்பறைக்குள் கிடந்தேன். விடிய ஷெல் விழத் தொடங்கியது, திரும்பவும் ஓடினோம். எங்கே தாட்டார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அண்ணன் ஒருவன் இருந்தான் என்று மகளுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

"எலும்பு இவ்வளவு காலம் கிடக்குமோ?" என்று கேட்டேன்.

"மண்ணைப் பொறுத்தது. உது சுண்ணாம்பு மண், அதால கிடந்தது. மணல் எண்டா மழைத்தண்ணி இறங்கி இறங்கிக் கரைச்சுப்போடும். சின்ன எலும்பு கெதியாப் போயிடும்." சொல்லிக்கொண்டு வந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "அம்மா... அண்ணா எங்க?"

"அப்பாவைத்தான் கேக்கவேணும்."

அப்போதுதான் அவர் வேலையால் வந்து சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் தடுக்க முதல் அவள் கேட்டுவிட்டாள்.

"அப்பா, அண்ணாவைத் தாட்ட இடத்தில என்ன மண்?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

"மணல்," என்றார். "வெள்ளை மணல். நல்ல மண், பிள்ளை. ஒரு கல்லும் இல்லை. கையாலயே கிண்டினனாங்கள். அவனுக்கு நொந்திராது."

மகள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"ஓம் அப்பா," என்றாள். "நல்ல மண்தான்."

என் பக்கம் அவள் திரும்பவில்லை.