குழியைக் காட்டிய கண்

யுத்த காலத்தில் எங்கள் நல்லம்பள்ளிப் பக்கம் சாப்பாட்டுக்குப் போக மிஞ்சும் தானியத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. ராகியை நாங்கள் மண்ணில் குழி வெட்டித்தான் வைப்போம். மேலே ராகி வைக்கோலைத் தாள்போராகப் போட்டுவிட்டால் குழி இருப்பதே தெரியாது.

பக்கத்து வீட்டில் என் ஓரகத்தி, என் கணவரின் அண்ணன் மனைவி, இருந்தாள். கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள். சர்க்கார் ஆட்கள் வந்த அன்று காலையில்தான், நான் கிண்டிய களி கட்டி கட்டியாக இருக்கிறதென்று என் பிறந்த வீட்டார் முன்னால் சிரித்திருந்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எங்கள் ராகியை அளந்து முடித்தவர்கள், "வேற எங்கயாச்சும் இருக்கா?" என்று என்னைக் கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய தாள்போரைப் பார்த்தேன், அவ்வளவுதான். போரைத் தள்ளிக் குழியைத் தோண்டி, ஒளித்து வைத்ததென்று அவள் ராகி முழுவதையும் வண்டியில் ஏற்றிப் போனார்கள்.

கூட வந்த தலையாரிதான் காட்டிக் கொடுத்தான் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பார்த்தது ஒரு குற்றமா என்று அடுப்போடு வாதாடுவேன். உட்கார்ந்தால் எழுவேன், சலித்த மாவையே மறுபடி சலிப்பேன். வாரம் தவறாமல் ஒரு முறம் ராகி மாவு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கை கூப்புவாள். "நீ இல்லீன்னா எம் புள்ளைங்க என்ன ஆயிருக்கும்?" நான் நிற்காமல் வந்துவிடுவேன்.

அடுத்த அறுவடையில், நானும் கூட நின்று தூற்றிக்கொண்டிருந்த அவள் களத்துக்குத் தலையாரி வந்தான். வீட்டுக்கு வீடு களத்தில் போடும் தானியம்தான் அவனுக்குக் கூலி. துண்டை விரித்தான்.

"காட்டிக் குடுத்தவனுக்கு எங் களத்துல பதர்கூட இல்ல" என்றாள்.

"சத்தியமா நான் இல்லீங்க." விரித்த துண்டை அவன் மடிக்கவில்லை. அவன் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

கோபத்தில் தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஆரம்பிக்க நினைத்தேன். தெரியாமல் இல்லையே. "அக்கா, நாந்தான் காட்டுனேன். தெரிஞ்சேதான் காட்டுனேன்" என்றேன்.

அவள் தலையாரியின் துண்டில் இரண்டு முறம் ராகி அள்ளிப் போட்டாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"காட்டுனதக்கூட உட்டுர்றேன். மாவு வாங்குறப்பெல்லாம் உன்னக் கையெடுத்துக் கும்புட்டனே, அப்பவாச்சும் சொல்லக்கூடாதா?"

காலில் விழுந்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.