துண்டு போர்த்திய மீட்டர்

இலங்கை மலைநாட்டில், பதுளையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலத்தில் என்னை வேலைகூட அவ்வளவு அலுக்க வைக்கவில்லை. வாடகைக் கார்கள்தான் அலுக்க வைத்தன. மைலுக்கு இவ்வளவு கூலி என்று ஒரு கணக்கு இருந்தது. மைலைக் காட்ட காரில் மீட்டரும் இருந்தது. அதன்மேல் எப்போதும் ஓர் அழுக்குத் துண்டு கிடக்கும். எடுக்கச் சொன்னால், "அது செத்து ரொம்ப நாளாச்சு அண்ணே, நீங்களே பார்த்துக் குடுங்க" என்பார்கள். பார்த்துக் கொடுத்தால் முகம் சுளிப்பார்கள். பிழைக்க வந்த ஊரில் ஒவ்வொரு பயணத்துக்கும் இப்படி மல்லுக்கட்டியே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அப்போது ரயில் பதுளை வரை வராது, பண்டாரவளையோடு நின்றுவிடும்; அங்கே போக வாடகைக் கார்தான். என் மனைவி முதன்முதலாக ஊரிலிருந்து வருகிறாள். துணைக்கு வரும் ஊர்க்காரர் வழியில் அட்டனில் இறங்கிவிடுவார். அதற்கப்புறம் அவள் தனி. சிங்களத்தில் ஒரு வார்த்தை தெரியாது. ரயில் வரும்போது ஸ்டேஷனில் நிற்பேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகக் கடிதம் எழுதியிருந்தேன்.

அவள் வரும் அன்றைக்கும் மீட்டர்மேல் துண்டு கிடந்தது. டிரைவர் என் சலவை வேட்டியையும் அவசரத்தையும் பார்த்தே கூலி சொன்னார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த காருக்குப் போனேன், அங்கும் அதே கூலி. அதற்கடுத்த காரிலும் அதே. எல்லோரும் பேசி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தும் நான் விடவில்லை. துண்டை எடு, மீட்டரைக் காட்டு என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். கடைசியில் ஐம்பது சதம், அதாவது அரை ரூபாய், குறைத்துக்கொண்டு முதல் காரிலேயே ஏறினேன். பெரிதாக ஜெயித்துவிட்டதாக நினைப்பு. வழியில் ஹாலிஎல ஊரைத் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் கார் ஊர்ந்து ஊர்ந்து போனது.

நான் போய்ச் சேர்ந்தபோது பிளாட்பாரத்தில் கூட்டமெல்லாம் கலைந்துவிட்டது. சாரல் படும் இடத்தில் தகரப்பெட்டிமேல் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பு நனைந்திருந்தது. "மழை... பாதை மோசம்" என்றேன். தலையாட்டினாள்.

திரும்பும் வழியில் டிரைவருக்கு நல்ல உற்சாகம். "ஒங்க வீட்டுக்காரர் லேசுப்பட்ட ஆளு இல்ல தங்கச்சி. அம்பது சதத்துக்காக ஸ்டாண்டையே கலக்கிட்டாரு. இல்லாட்டி ரயிலுக்கு முன்னாலயே வந்திருப்போம்" என்று சிரித்தார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. ஓடும் காரிலிருந்து குதித்துவிடலாமா என்றிருந்தது.

அவள் கோபித்திருந்தால் தேவலை. வெளியே தேயிலைச் சரிவுகளைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்:

"நீங்க வரமாட்டீங்கன்னு முடிவு பண்ணிட்டேன். மூட்டை தூக்குறவரு தமிழ் பேசினாரு. திரும்பிப் போற ரயில் எப்பன்னு அவருகிட்ட கேட்டேன். டிக்கெட்டுக்குத்தான் காசு பத்தல."